லண்டன் பாரிஸ்டரா, போர்ட் லூயிஸ் பாரிஸ்டரா? மொரிஷியஸில் கட்டுமானத் தகராறு வந்தால் யாரை அமர்த்துவது

ஃபைனல் பில்லில் பாதியைக் கிளையன்ட் வெட்டிவிட்டார். எல்.டி. (தாமதத்துக்கு ஒப்பந்தத்திலேயே குறித்த இழப்பீடு) பிடித்தது போக மிச்சம் இவ்வளவுதான் என்கிறார். பில்களில் பிடித்துவைத்த ரிடென்ஷன் தொகையும் வந்து சேரவில்லை. இனிப் பேசிப் பயனில்லை என்று முடிவானதும், மொரிஷியஸில் வேலை எடுத்துச் செய்யும் நம் கான்ட்ராக்டர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "சார், லண்டனில் கட்டுமான வழக்குக்கென்றே பாரிஸ்டர்கள் இருக்கிறார்களாமே, அவர்களில் ஒருவரைப் பிடித்துவிடலாமா? இல்லை, இங்கேயே போர்ட் லூயிஸில் ஒருவர் போதுமா?" சென்னையில் தெரிந்த வக்கீல் இருக்கிறார் என்பவர்கள் உண்டு. பணத்துக்கும் கால நீட்டிப்புக்குமான கோரிக்கைகளைத் தயாரித்துக்கொடுக்கும் க்ளெய்ம் கன்சல்டன்ட்டை வைத்தே முடித்துவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு.

நான் வக்கீல் இல்லை, குவான்டிட்டி சர்வேயர், அதாவது கட்டுமான அளவையும் செலவையும் கணக்கிடுபவன். இந்த நால்வருக்குமே கணக்கும் காகிதமும் எடுத்துக்கொடுக்கும் இடத்தில் இருப்பவன். அங்கிருந்து பார்த்த வரையில் எனக்கு உறுதியாகத் தோன்றுவது இதுதான்: ஆளைத் தேடுவதற்கு முன் ஒப்பந்தத்தில் தகராறு விதியைத் தேடுங்கள். யார் வேண்டும் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அந்த ஒரு பக்கத்திலேயே இருக்கும். அதைப் படிக்காமல் பெரிய பெயருக்குப் பணம் கட்டியவர்கள், பிறகு இன்னொருவருக்கும் கட்ட வேண்டி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

எங்கே போய்ப் பேச வேண்டும்? மொரிஷியஸில் வாசல் மூன்று. ஒன்று, எடித் கவெல் தெருவில் இருக்கும் சுப்ரீம் கோர்ட். இரண்டாவது, பிரெஞ்சு வழிச் சிவில் நடைமுறைச் சட்டத்தின்கீழ் நடக்கும் உள்நாட்டு ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்கு வெளியே நடுவர் முன் நடக்கும் விசாரணை. மூன்றாவது, 2009 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2008ஆம் ஆண்டின் சர்வதேச ஆர்பிட்ரேஷன் சட்டம். கோர்ட்டில் வெளிநாட்டு வக்கீல் எழுந்து பேச முடியாது. சர்வதேச ஆர்பிட்ரேஷனில் நாம் விரும்பும் யாரும் நமக்காகப் பேசலாம், அவர் மொரிஷியஸில் பதிவு பெற்றிருக்க வேண்டியதில்லை.

இங்கே நம்மவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இரு தரப்பின் வணிக இடமும் வெவ்வேறு நாட்டில் இருந்தால்தான் பொதுவாக அது 'சர்வதேச' ஆர்பிட்ரேஷன். சென்னை கம்பெனி நேரடியாகக் கையெழுத்துப் போட்டிருந்தால் பிரச்சினை இல்லை. உள்ளூரில் ஒரு துணைக் கம்பெனி பதிவுசெய்து, அதன் பெயரில் உள்ளூர் டெவலப்பரோடு ஒப்பந்தம் போட்டிருந்தால் இரண்டு தரப்புமே மொரிஷியஸ்காரர்கள்தான். முதலாளி திருச்சிக்காரர், பணம் சென்னையிலிருந்து வந்தது என்பதெல்லாம் அங்கே செல்லாது. சர்வதேசத் தகராறு என்று விதியில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருந்தால் கதை வேறு. அதனால் கையெழுத்துப் பக்கத்தையும் தகராறு விதியையும் சேர்த்தே படியுங்கள்.

எந்த நாட்டுச் சட்டம்? மொரிஷியஸ் சட்டம் கலப்புச் சட்டம். ஒப்பந்தமும் கடமையும் பிரெஞ்சு சிவில் கோடு வழியில் போகும். கோர்ட் நடைமுறையும் சாட்சிய விதிகளும் ஆங்கில வழியில் போகும். வக்கீல் தேர்வில் இந்தக் கலப்பு பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

தகராறு சட்டத்தைப் பற்றியதா, கணக்கைப் பற்றியதா? எத்தனை கன மீட்டர் தோண்டினோம், எத்தனை நாள் தாமதம் யாரால் வந்தது என்பதுதான் சண்டை என்றால் வாதத்திறமையைவிடக் காகிதம் முக்கியம். ஒரு விதிக்கு என்ன பொருள் என்பது சண்டையானால் நிலைமை தலைகீழ்.

முழுச் செலவு எவ்வளவு? ஆர்பிட்ரேஷன் நடத்தும் சர்வதேச வணிகச் சபையான ஐசிசி தன் வழக்குகளை ஆராய்ந்து 2012இல் கண்டது: ஆர்பிட்ரேஷன் செலவில் 83 சதவீதம் தரப்புகளின் சொந்தச் செலவு. அதாவது வக்கீல், நிபுணர், சாட்சிகள். நடுவர்களுக்குப் போனது 15 சதவீதம், ஐசிசியின் நிர்வாகக் கட்டணம் 2 சதவீதம். நடுவர் மன்றத்தின் கட்டண அட்டவணையை மட்டும் பார்த்து பட்ஜெட் போடுகிறவர்கள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும். வக்கீலைத் தேர்ந்தெடுக்கும்போதே செலவையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம்.

எதிர்த்தரப்போடு அந்த வக்கீலுக்கு உள்ள தொடர்பையும், ஜெயித்தால் பணத்தை எந்த நாட்டில் வசூலிக்கப்போகிறோம் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

## போர்ட் லூயிஸ் பாரிஸ்டர்

இங்கே பாரிஸ்டரும் அட்டர்னியும் தனித்தனித் தொழில். வாதமும் சட்ட ஆலோசனையும் பாரிஸ்டர் பொறுப்பு. கோர்ட்டில் தாக்கல் செய்வது, நோட்டீஸ் அனுப்புவது, நடைமுறை வேலைகள் எல்லாம் அட்டர்னி கையில். நம்மூரில் ஒரே வக்கீல் எல்லாவற்றையும் பார்ப்பார் என்ற பழக்கத்தில் வருகிறவர்கள் இரண்டாவது பில்லைப் பார்த்துத் திடுக்கிடுகிறார்கள். ஆரம்பத்திலேயே இரண்டு கட்டணத்தையும் கேட்டுவிடுங்கள், 15 சதவீத வாட் சேர்த்தா சேர்க்காமலா என்பதையும்.

இவருடைய பலம் சிவில் கோடு. உதாரணத்துக்கு ஒன்று. பிரெஞ்சு வழிச் சட்டத்தில், கடமையைச் செய்யச் சொல்லி முறைப்படி எச்சரித்த பிறகுதான் நஷ்ட ஈட்டுக் கணக்கு ஓடும் என்பது பொது விதி. 'மிஸ் ஆன் டெமர்' என்று இங்கே எல்லாரும் சொல்லும் அந்த நோட்டீஸ், உள்ளூர் பாரிஸ்டர் முதல் சந்திப்பிலேயே கேட்கும் காகிதம். வெளியூர் வக்கீல் அதை நினைக்காமலே போகலாம். இன்னொன்று, மொத்தத் தொகை ஒப்பந்தம். நெப்போலியன் கோடின் 1793ஆம் பிரிவு வழி வந்த கொள்கைப்படி, நிலையான விலைக்கு ஒரு கட்டடத்தைக் கட்ட ஒப்புக்கொண்டவர், உரிமையாளர் எழுத்தில் அனுமதித்து விலையும் பேசி முடிக்காத கூடுதல் வேலைக்குப் பணம் கேட்க முடியாது. "இன்ஜினியர் சைட்டில் வாயால் சொன்னார், செய்தோம்" என்பது நம் ஆட்களின் க்ளெய்மில் பாதி. அதன் கதி என்ன என்பதை இந்த ஊர் சட்டம் தெரிந்தவரிடம் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது பெரிய லாபம்.

மொழியும் ஒரு காரணம். சுப்ரீம் கோர்ட்டின் மொழி ஆங்கிலம். ஆனால் சைட் மீட்டிங் குறிப்பு பிரெஞ்சில் இருக்கும், ஃபோர்மேன் கிரியோலில் வாக்குமூலம் சொல்வார். உள்ளூர் வக்கீல் மூன்றையும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே படிப்பார், கேட்பார்.

குறையும் உண்டு. தீவு சிறியது. பெரிய டெவலப்பர்கள், வங்கிகள், அரசு அமைப்புகள் எல்லாருக்கும் நெடுநாள் வக்கீல்கள் இருக்கிறார்கள். நீங்கள் நினைத்திருக்கும் சீனியர் கவுன்சல் எதிர்த்தரப்புக்காக ஏற்கெனவே ஆலோசனை சொல்லியிருக்கலாம். வணிக வழக்கில் பேர் பெற்ற எல்லாரும் கட்டுமானத் தாமதக் கணக்கில் தேர்ந்தவர்களும் அல்ல. புரோகிராமில் கிரிட்டிகல் பாத் (முடிவுத் தேதியைத் தீர்மானிக்கும் வேலைகளின் தொடர்) எங்கே மாறியது என்று அவரிடமே விளக்கச் சொல்லிப் பாருங்கள். பதிலைக் கேட்டதும் தெரிந்துவிடும்.

கோர்ட் வழக்கு என்றால் இவர்தான் ஒரே வழி. உள்நாட்டு ஆர்பிட்ரேஷனிலும், மொரிஷியஸ் சட்டத்தின்கீழ் வரும் நடுத்தரத் தொகைத் தகராறுகளிலும் நான் இவரையே சொல்வேன்.

## லண்டன் சேம்பர்ஸ் பாரிஸ்டர்

லண்டன் பாரிஸ்டர் ஒரு கம்பெனியின் ஊழியர் கிடையாது, தனியாகத் தொழில் செய்பவர். பலர் சேர்ந்து அலுவலகத்தையும் கிளார்க்குகளையும் பகிர்ந்துகொள்ளும் இடம்தான் சேம்பர்ஸ். கீட்டிங், அட்கின் போன்ற சேம்பர்ஸ்கள் கட்டுமான வழக்குகளுக்கென்றே அறியப்பட்டவை. கட்டணம் பேச வேண்டியது பாரிஸ்டரிடம் அல்ல, கிளார்க்கிடம்.

இவர்களுடைய ஆழம் உண்மையானது. சர்வதேச அளவில் புழங்கும் மாதிரிக் கட்டுமான ஒப்பந்தமான ஃபிடிக்கில் வேலை செய்யும் எல்லாரும் பயப்படும் விதி ஒன்று உண்டே: ஒரு சம்பவம் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் கால நீட்டிப்பும் போச்சு, பணமும் போச்சு. 1999 பதிப்பில் அது 20.1, 2017 பதிப்பில் 20.2. அந்த 28 நாள் எப்போது தொடங்குகிறது? 2014இல் ஜிப்ரால்டர் விமான நிலையச் சாலை, சுரங்கப்பாதை வழக்கில் லண்டனின் தொழில்நுட்ப, கட்டுமான நீதிமன்றம் கான்ட்ராக்டருக்குச் சாதகமாக ஒரு பொருள் சொன்னது. தாமதம் வரப்போகிறது என்று தெளிவாகும் நாளிலிருந்தும் எண்ணலாம், தாமதம் உண்மையிலேயே தொடங்கிய நாளிலிருந்தும் எண்ணலாம் என்று. மொத்தத்தில் அந்தக் கான்ட்ராக்டர் தோற்றாலும் இந்தப் பொருள்விளக்கம் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் போர்ட் லூயிஸ் வீதிகளில் கார்கள் மிதந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று சைட் மூழ்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பவ நாளிலிருந்து எண்ணினால் பிப்ரவரி 12 கடைசி நாள். சைட்டைச் சுத்தம் செய்து, பைலிங் குழியில் நீர் இறைத்து முடித்த பிறகுதான் முக்கிய வேலைகளில் தாமதம் தெரியவந்தது என்றால் வாதம் வேறு. உங்கள் நோட்டீஸ் பிப்ரவரி 20இல் போயிருந்தால், அந்த எட்டு நாள் இடைவெளியில் உங்கள் முழு க்ளெய்மும் நிற்கிறது. அப்படிப்பட்ட ஒற்றைக் கேள்வியில் பெரிய தொகை தொங்கும்போது லண்டன் நிபுணரின் எழுத்து வடிவக் கருத்து ஒன்று வாங்குவது நியாயமான செலவு. ஆனால் ஒப்பந்தம் மொரிஷியஸ் சட்டத்தின்கீழ் இருந்தால் அந்த ஆங்கிலத் தீர்ப்பு வழிகாட்டுமே தவிரக் கட்டுப்படுத்தாது. ஒப்பந்தத்தை நல்லெண்ணத்தோடு நிறைவேற்ற வேண்டும் என்ற சிவில் கோடுக் கொள்கையும் அந்த விதியின் பக்கத்தில் வந்து உட்காரும்.

இன்னொரு சந்தர்ப்பம் மேல்முறையீடு. சர்வதேச ஆர்பிட்ரேஷன் சட்டத்தின்கீழ் வரும் மனுக்களைச் சுப்ரீம் கோர்ட்டில் மூன்று நீதிபதிகள் கேட்பார்கள். அதற்கு மேல், மொரிஷியஸுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு உரிமையாகவே போகலாம். பீட்டாமாக்ஸ் வழக்கு இங்கே எல்லாருக்கும் தெரியும். பெட்ரோலியம் ஏற்றிவரும் கப்பல் ஒப்பந்தத்தை அரசு வணிகக் கழகம் 2015இல் முறித்தது. 2017இல் நடுவர் ஏறக்குறைய 11.5 கோடி டாலர் கொடுக்கச் சொன்னார். 2019இல் சுப்ரீம் கோர்ட் பொதுக் கொள்கையைக் காரணம் காட்டி அதை ரத்துசெய்தது. 2021 ஜூனில் பிரிவி கவுன்சில் நடுவர் தீர்ப்பை மீண்டும் நிலைநிறுத்தியது. தொகை அந்த அளவில் இருந்தால், கடைசிப் படியில் யார் நிற்பார் என்பதை முதல் படியிலேயே யோசிக்க வேண்டும். மொரிஷியஸ் பாரிஸ்டர்களும் பிரிவி கவுன்சிலில் வாதிடலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பலர் அது லண்டன்காரர்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்கிறார்கள்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். பாரிஸ்டர் பொதுவாக வாதத்தைத்தான் பார்ப்பார். ஆவணம் திரட்ட, சாட்சிகளிடம் வாக்குமூலம் எழுதி வாங்க, எதிர்த்தரப்போடு தினசரிக் கடிதப் போக்குவரத்து நடத்த ஒரு சொலிசிட்டரோ உள்ளூர் அலுவலகமோ வேண்டும். கிங்ஸ் கவுன்சல் (மூத்த பாரிஸ்டர்களுக்குத் தரும் பட்டம்) ஒருவரை அமர்த்தினால் கூடவே ஒரு ஜூனியரும் வருவது வழக்கம். 'பிரீஃப் ஃபீ' என்பது தயாரிப்புக்கும் விசாரணையின் முதல் நாளுக்கும் சேர்த்த மொத்தத் தொகை. அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 'ரெஃப்ரெஷர்' தனி. விசாரணைக்கு முந்தின வாரம் சமாதானமாகிவிட்டாலும் பிரீஃப் ஃபீ திரும்பாமல் போகலாம். எந்தத் தேதிக்கு முன் சமாதானமானால் எவ்வளவு குறையும் என்று கிளார்க்கிடம் எழுத்தில் வாங்குங்கள். கேட்டால் பேசுவார்கள். கேட்காதவர்களுக்குத் தானாக வராது.

ஒரே சேம்பர்ஸிலிருந்து ஒருவர் நடுவராகவும் இன்னொருவர் வக்கீலாகவும் வரும் நிலையும் உண்டு. அவர்களுக்குள் அது சகஜம். நம்மைப் போன்றவர்களுக்கு அது நெருடும், சில வழக்குகளில் தடையாகவும் ஆகியிருக்கிறது. 2008இல் குரோஷிய மின் நிறுவனத்துக்கும் ஸ்லோவேனியாவுக்கும் நடந்த வழக்கில், தலைமை நடுவரின் சேம்பர்ஸைச் சேர்ந்த பாரிஸ்டரைக் கடைசி நேரத்தில் கொண்டுவந்ததை நடுவர் மன்றம் அனுமதிக்கவில்லை.

க்ளெய்ம் சிறியதென்றால் லண்டன் வேண்டாம் என்பேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் ஆகிவிடும்.

## சென்னை வக்கீல்

இந்த வாய்ப்பை எடுத்தவுடன் ஒதுக்கிவிடாதீர்கள். மொரிஷியஸில் நடக்கும் வேலையே ஆனாலும், மெயின் கான்ட்ராக்டரும் சப்-கான்ட்ராக்டரும் இந்தியக் கம்பெனிகளாக இருந்து, சப்-கான்ட்ராக்டில் இந்தியச் சட்டம், சீட் (ஆர்பிட்ரேஷனின் சட்டப்படியான இடம்) சென்னை அல்லது டெல்லி என்று போட்டிருந்தால், இவர்தான் முதல் ஆள். போர்ட் லூயிஸில் தேடுவதே வீண். இந்தியாவில் நடக்கும் அத்தகைய உள்நாட்டு ஆர்பிட்ரேஷனுக்கு இந்திய ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 29ஏ பிரிவின்படி, பிளீடிங் (இரு தரப்பின் எழுத்து மனுக்கள்) முடிந்ததிலிருந்து 12 மாதம் கெடு, இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் இன்னும் 6 மாதம்.

வசூல் இந்தியாவில் என்றாலும் இவர் தேவைப்படுவார். இந்தியா தன் அரசிதழில் அறிவித்த நாடுகளின் ஆர்பிட்ரேஷன் தீர்ப்புகளைத்தான், வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்பதற்கான நியூயார்க் உடன்படிக்கைப்படி நிறைவேற்றும். மொரிஷியஸ் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

மற்றபடி, எதிரி உள்ளூர் டெவலப்பர், சட்டம் மொரிஷியஸ் சட்டம் என்றால், சென்னை வக்கீல் தமிழில் பேசுகிறார், கட்டணம் குறைவு என்பதற்காக மட்டும் அவரை முன்னால் நிறுத்தாதீர்கள். தலைமை அலுவலகத்தோடு பேசவும் கணக்குப் பிரிவிலிருந்து ஆவணம் திரட்டவும் அவர் பெரிய துணை. அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

## க்ளெய்ம் கன்சல்டன்ட்

என் தொழிலுக்குப் பக்கத்துத் தொழில் என்பதால் இதைக் கவனமாகச் சொல்கிறேன். தாமதப் பகுப்பாய்வு, அளவுக் கணக்கு, க்ளெய்ம் அறிக்கை ஆகியவற்றில் நல்ல கன்சல்டன்ட் எந்த வக்கீலையும் விட வேகமாகவும் குறைந்த செலவிலும் செய்வார். ஆர்பிட்ரேஷனுக்கு முன் தகராறைக் கேட்டு முடிவு சொல்லும் ஃபிடிக் தகராறுக் குழுவின் முன் செல்லும் கட்டம் வரை பல சமயம் அவரே போதும். அந்தக் குழு 84 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதற்கு எதிர்ப்பு இருந்தால் 28 நாளில் தெரிவிக்க வேண்டும். அந்த எதிர்ப்புக் கடிதம் போகும் நாளில் வக்கீல் உள்ளே வந்திருக்க வேண்டும்.

இரண்டு ஆபத்து. வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையே உள்ள ரகசியப் பாதுகாப்பு கன்சல்டன்ட்டோடு பேசியதற்குக் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். 2012இல் வால்டர் லில்லி வழக்கில் லண்டன் நீதிமன்றம், க்ளெய்ம் கன்சல்டன்ட் நிறுவனத்தின் ஆலோசனைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று சொல்லிவிட்டது. "இந்த ஐட்டம் நமக்குப் பலவீனம், ஆனால் கேட்டுப் பார்ப்போம்" என்று அவர் எழுதிய ஈமெயில் எதிரியின் மேஜைக்குப் போகலாம். இரண்டாவது, க்ளெய்மை எழுதியவரே பிறகு சுயேச்சையான நிபுணராகச் சாட்சி சொன்னால் நடுவர் மதிக்க மாட்டார். அதற்கு வேறு ஆள் வேண்டும், வேறு பில் வரும்.

## ஒரு பார்வையில்

| | போர்ட் லூயிஸ் பாரிஸ்டர் | லண்டன் பாரிஸ்டர் | சென்னை வக்கீல் | க்ளெய்ம் கன்சல்டன்ட் |
|---|---|---|---|---|
| மொரிஷியஸ் சுப்ரீம் கோர்ட் | ஆம் | இல்லை | இல்லை | இல்லை |
| சர்வதேச ஆர்பிட்ரேஷன் | ஆம் | ஆம் | ஆம் | சட்டம் தடுக்காது; தனியாக விட வேண்டாம் |
| சிவில் கோடு அறிவு | வலுவானது | உள்ளூர்த் துணை தேவை | உள்ளூர்த் துணை தேவை | எதிர்பார்க்க வேண்டாம் |
| ஃபிடிக் நுணுக்கம் | ஆளைப் பொறுத்தது | மிக வலுவானது | ஆளைப் பொறுத்தது | கணக்கில் வலுவானது |
| எதிர்பாராத செலவு | அட்டர்னி, வாட் | ஜூனியர், சொலிசிட்டர், ரெஃப்ரெஷர், மொழிபெயர்ப்பு | பயணம், உள்ளூர் பாரிஸ்டர் | தனி நிபுணர், பின்னால் வரும் வக்கீல் |

## என் பரிந்துரை

ஒப்பந்தம் மொரிஷியஸ் சட்டத்தில் இருந்து, தகராறு கணக்கைப் பற்றியது என்றால்: உள்ளூர் பாரிஸ்டர் தலைமையில், முதல் நாளிலிருந்தே அவருடைய அறிவுறுத்தலின்கீழ் ஒரு கன்சல்டன்ட். இந்த வரிசை முக்கியம். கன்சல்டன்ட் தனியாக ஆரம்பித்து, சிக்கலான பிறகு வக்கீல் வருவதைவிட இது பாதுகாப்பானது.

சீட் லண்டன் அல்லது ஆங்கிலச் சட்டம், தொகையும் பெரியது, அல்லது ஒற்றை விதியின் பொருளில் எல்லாம் நிற்கிறது என்றால்: லண்டன் பாரிஸ்டர், கூடவே உள்ளூர் அலுவலகம். அங்கேயும் கிங்ஸ் கவுன்சல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். கட்டுமானத்தில் பத்துப் பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ள ஜூனியர் ஒருவர் உங்கள் கோப்பை அவரே உட்கார்ந்து படிப்பார். பெரிய பெயருக்குக் கட்டும் பணத்தில் பெரும்பகுதி அந்தப் படிப்புக்குத்தான் போகிறது.

யாராக இருந்தாலும் அவர்கள் முன்னால் வைக்கப்போவது உங்கள் சைட் டைரிதான். காலை ஏழு மணிக்கு வந்த ஆள் கணக்கு, கான்கிரீட் லாரி வந்த நேரம், மழை தொடங்கிய நேரம், வேலை நிறுத்தச் சொன்னவர் பெயர், கீழே கிளையன்ட் தரப்பு ஆளின் கையெழுத்து. அதோடு வாக்குவாவில் உள்ள வானிலை நிலையத்தின் மழைப் பதிவு. இவை ஒழுங்காக இருக்கும் கோப்புக்கு வக்கீல் நேரம் குறைவாகவே செலவாகிறது. வாட்ஸ்அப் படங்களை மூட்டையாக அனுப்பினால், அவற்றைத் தேதிவாரியாக அடுக்கும் வேலைக்கும் மணிக்கணக்கில் பில் வரும். சம்பளத்தில் இருக்கும் உங்கள் ஆளை வைத்து அதை முதலிலேயே செய்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை. வக்கீலுக்கு எழுதும் முதல் ஈமெயிலில் ஆவணம் எதையும் இணைக்காதீர்கள். உங்கள் பெயர், எதிர்த்தரப்பின் பெயர், அதன் தாய்க் கம்பெனி, ஒப்பந்தத்தை நிர்வகித்த இன்ஜினியரின் பெயர், இவ்வளவு போதும். முரண் ஏதும் இல்லை என்று எழுத்தில் பதில் வரட்டும். அதன்பிறகு ஒப்பந்தத்தை அனுப்பி, மேலே சொன்ன கட்டணக் கேள்விகளைக் கேளுங்கள். அந்த 28 நாள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். நோட்டீஸை நீங்களே இன்றே எழுதி, ஒப்பந்தம் சொல்லும் முகவரிக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள்.